பொதுவுடைமைக்காரர் மந்திரியானால்?

சென்ற வாரம் கள்ளக்குறிச்சியில் நடந்த நமது கூட்டத்திற்குக் கல்வராயன் மலையின் வெள்ளிமலைப் பக்கத்திலிருந்து வந்திருந்த தோழர் ஒருவர் எழுந்து, "ஐயா, கதர்க்காரரையும் பார்த்தோம், கழகக்காரரையும் பார்த்தோம். ஒரு பொதுவுடைமைக்காரரைப் பிடித்து மந்திரியாக்கிவிட்டால் எங்கள் மலைக்கு விடிந்துவிடாதா?" என்று கேட்டார். சிலர் சிரித்தார்கள். அது சிரிக்கத்தக்க கேள்வியன்று. ஜாகீர்தாரனுக்குக் கூலியில்லாத வெட்டி வேலை செய்து தேய்ந்த மலை அது. தேசத்திற்குச் சுயராஜ்யம் வந்ததாகச் சொல்லப்பட்ட 1947-க்குப் பிறகும் 29 வருஷம் கழித்து, 1976-ல்தான் அங்கே ஜாகீர் போயிற்று. நமது கொள்கையைச் சொல்லி ஓட்டு வாங்கியவர்கள் 1967 முதல் 1976 ஜனவரி வரை கோட்டையில் இருந்தார்கள். அவர்கள் இறங்கிய பிறகே அது போயிற்று என்பதை மறைத்துப் பேச நமக்கு இஷ்டமில்லை. 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் விஷச் சாராயம் குடித்து 60-க்கு மேற்பட்டவர்கள் செத்த பிறகுதான் இம்மலை ஜனங்களின் கதி என்னவென்று ஹைக்கோர்ட்டே கேட்க நேர்ந்தது. ஆகவே அத்தோழர் யாரை நம்புவது என்று கேட்பதில் நியாயமிருக்கிறது.

அவருக்குப் பதில் இலங்கையில் இருக்கிறது. இலங்கை நமக்கு அந்நியமல்ல. பழைய தென்னார்க்காடு, சேலம், திருச்சி ஜில்லாக்களிலிருந்து ஆதிதிராவிடரும் மற்ற ஏழைகளும் கங்காணியின் வாயை நம்பித் தேயிலைத் தோட்டத்திற்குப் போன நாடு அது.

அங்கே என்.எம்.பெரேரா என்று ஒரு சிங்களத் தலைவர் இருந்தார். 1905-ல் பிறந்து, லண்டனில் ஹெரால்டு லாஸ்கியிடம் படித்துப் பெரிய பட்டங்கள் வாங்கினவர். நம் நாட்டில் அவ்வளவு படித்தவன் கலெக்டர் உத்தியோகத்திற்கு மனுப்போடுவான். இவரோ 1934-35-ல் மலேரியா கொள்ளை கொண்டு போனபோது கிராமங்களுக்குப் போய்ப் பருப்புப் பங்கிட்டார். ஜனங்கள் "பருப்பு ஐயா" என்று பொருள்படும் பெயரை அவருக்குச் சூட்டினார்கள். எந்தச் சங்கராச்சாரியாருக்கும் இப்படியொரு பட்டம் கிடைத்ததாக நாம் கேட்டதில்லை. 1935-ல் சமசமாஜக் கட்சி தோன்றியது. அடுத்த வருஷம் சட்டசபைக்குப் போனார். 1940-ல் மூலோயாத் தோட்ட வேலைநிறுத்தத்தில் கோவிந்தன் என்ற தமிழ்த் தொழிலாளி போலீஸ் குண்டுக்கு இரையானபோது கேள்வி கேட்டவர்கள் இவர் கட்சியார்தான். அவ்வருஷமே வெள்ளைக்காரன் அவரைச் சிறையில் போட்டான். 1942-ல் சிறையிலிருந்து தப்பி இந்தியா வந்து, 1943-ல் பம்பாயில் மறுபடியும் பிடிபட்டார்.

1948-ல் சேனநாயக்கா சர்க்கார் தோட்டத் தமிழர் சுமார் 7 லட்சம் பேரைக் குடிகளல்ல என்று சட்டம் செய்தது. மறு வருஷம் ஓட்டையும் பிடுங்கிற்று. எதிர்க்கட்சித் தலைவராயிருந்த பெரேரா அதை எதிர்த்தார். தமிழ்ப் பிரபுக்களில் சிலரோ அந்தச் சர்க்காரோடு ஒட்டிக்கொண்டிருந்தார்கள்! 1953-ல் அரிசி விலையை ஏற்றியதற்காக நாடு முழுதும் கடையடைப்பு நடந்து பிரதம மந்திரியே விலக நேர்ந்ததில் இவர் கட்சிக்குப் பெரும் பங்குண்டு. 1954 முதல் 1956 வரை கொழும்பு மாநகரத்தின் மேயர் இவரே. அந்நகரின் குப்பையையும் மலத்தையும் வாரியவர்கள் பெரும்பாலும் நம் நாட்டிலிருந்து போன தீண்டப்படாதவர்கள் என்பதை இங்கே ஞாபகத்தில் வைக்கவேண்டும். 1955-ல் சிங்களத்திற்கும் தமிழுக்கும் சம அந்தஸ்து வேண்டுமென்று சபையில் தீர்மானம் கொண்டுவந்தார். 1956-ல் தனிச் சிங்களச் சட்டத்திற்கு எதிராக ஓட்டளித்தார். அதனால் சிங்கள ஓட்டுப் போகுமென்று தெரியாதவரல்ல.

நிற்க. 1964 ஜூனில் ஸ்ரீமாவோ பண்டாரநாயக்கா கூப்பிட்டார். பெரேரா நிதி மந்திரியானார். அக்டோபர் 30-ந் தேதி சாஸ்திரியும் ஸ்ரீமாவோவும் ஒப்பந்தம் செய்து, தோட்டத் தமிழரில் 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3 லட்சம் பேர் இலங்கைக்கு என்று ஆட்டுமந்தையைப் பங்கு போடுவதுபோல் பங்கு போட்டார்கள். மீதி ஒன்றரை லட்சத்தைப் பிறகு பார்த்துக்கொள்ளலாமாம்! அந்த ஜனங்களில் ஒருவரையாவது கேட்டார்களா? 1948-ல் அவர்களுக்காகத் தொண்டை கிழியப் பேசியவர் இந்த மந்திரிசபையில் உட்கார்ந்திருந்தார். டிசம்பரில் அந்த மந்திரிசபை கவிழ்ந்தது; ஒப்பந்தம் கவிழவில்லை. தாய்நாடு என்று சொல்லி ராமேஸ்வரத்தில் இறக்கிவிடப்பட்டவர்கள், அந்தத் தாயை முன்பின் பார்த்தறியாதவர்கள். நம் கிராமங்களில் அவர்களுக்குச் "சிலோன்காரர்" என்று பெயர், அங்கே "இந்தியக்காரர்".

1966-ல் தமிழுக்குக் கொஞ்சம் இடம் கொடுக்கும் விதிகள் வந்தபோது, சம அந்தஸ்துக் கேட்ட அதே கட்சி எதிர்த்து ஊர்வலம் போய், மசாலா வடையைச் சொல்லித் தமிழரைக் கேலி செய்த கூட்டத்தோடு நின்றது. 1970 முதல் 1975 வரை பெரேரா மறுபடியும் நிதி மந்திரி. 1972-ல் வந்த அரசியல் சட்டம் புத்த மதத்திற்கு முதன்மை இடம் கொடுத்தது. அதை உருவாக்கிய மந்திரி இவருடைய கட்சித் தோழர் கொல்வின் ஆர். டி சில்வா! 1973-74-ல் தோட்டங்களில் ஜனங்கள் பட்டினியால் செத்தார்கள். உலகச் சந்தையில் விலை ஏறியது பெரேராவின் குற்றமல்ல. ஆனால் பஞ்சத்தில் பருப்புக் கொடுத்தவர் பொக்கிஷத்தின் சாவியை வைத்திருந்த காலத்தில் அது நடந்தது. 1975-ல் ஸ்ரீமாவோ அவர்களை வெளியே அனுப்பினார். 1977 தேர்தலில் அக்கட்சிக்கு ஒரு ஸ்தானமும் இல்லை. 1979-ல் பெரேரா காலமானார்.

அவர் லஞ்சம் வாங்கினாரா? பதவிப் பித்தரா? இரண்டும் அல்ல என்பதே நமது அபிப்பிராயம். அயோக்கியன் ஒருவன் கெட்டுப்போனான் என்றால் அதற்குத் தலையங்கம் எதற்கு? ஓட்டுப் பறிக்கப்பட்ட தொழிலாளி எவருடைய மந்திரிசபையிலும் கணக்கில் சேரமாட்டான். மிச்சமிருந்த ஓட்டோ பிக்ஷுவின் கையில் இருந்தது. முப்பது வருஷம் சங்கம் அமைத்துக் கூலி கேட்கச் சொல்லிக் கொடுத்தவர்கள், அந்தச் சிங்களத் தொழிலாளியிடம் "உன் பிக்ஷு சொல்வது பொய், பக்கத்து லயத்தில் இருக்கும் தமிழன் உன் எதிரியல்ல" என்று வீட்டுக்கு வீடு போய்ச் சொல்லியிருக்க வேண்டும். சமதர்மம் வந்தால் மதம் தானே போய்விடும் என்று விட்டுவிட்டார்கள் போலும். மதம் போகவில்லை, அரசியல் சட்டத்திலேயே ஏறி உட்கார்ந்துகொண்டது.

வெள்ளிமலைத் தோழர் அடுத்த கூட்டத்தை மலையிலேயே போடவேண்டும் என்றும், பட்டாவைப் பற்றி மட்டும் பேசினால் போதும், சாமியைப் பற்றி வேண்டாம் என்றும் எழுதியிருக்கிறார். பட்டாவைப் பற்றி அவசியம் பேசுவோம். சாமியைப் பற்றியும் பூசாரியைப் பற்றியும் சேர்த்துப் பேச இடம் கொடுப்பதானால் தேதியைத் தெரிவிக்கட்டும். இல்லையேல் நாம் மலையேறுவதற்கில்லை.