மாங்கொட்டையும் ஊசியும்

மாம்பழக் காலத்தில் ராஜபாளையத்துத் தெருக்களில் குப்பை வண்டி கூடுதலாகக் கனக்கும். தோல் மக்கிவிடும், கொட்டை அத்தனை லேசில் மக்காது, அதைத் தனியே பொறுக்கிப் போட ஆள் வேண்டும். பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் தள்ளி ஸ்ரீவில்லிபுத்தூரில் பால்கோவா சுற்றிய தாள்: நெய் ஊறியபின் பழைய பேப்பர்க்காரர் தொடமாட்டார். இதையெல்லாம் தெரிந்து பிரிக்கிற தூய்மைப் பணியாளரிடம் நாம் நீட்டுவதோ, வாழைப்பழத் தோலுக்குள் கிடக்கும் இன்சுலின் ஊசியை. மக்கும் குப்பை, மக்காத குப்பை, வீட்டு அபாயக் குப்பை என்று மூன்றாகப் பிரித்தே கொடுக்க வேண்டும் என 2016-இலேயே மத்திய அரசின் விதி வந்துவிட்டது. உரிமம் பெறாத இடத்தில் நூறு பேருக்கு மேல் கூட்டினால் மூன்று வேலை நாள் முன்பே உள்ளாட்சிக்குச் சொல்ல வேண்டும், குப்பையைப் பிரித்தே ஒப்படைக்க வேண்டும் என்றும் அந்த 2016 விதியில் இருந்தது. ஆடிப்பூரத் தேரோட்டத்துக்கு அன்னதானப் பந்தல் போடுகிறவர்களில் எத்தனை பேருக்கு இது தெரியும்? (தெரிந்தாலும் சொல்லப்போவதில்லை என்பது வேறு.) ஆனால் ஜனங்களை மட்டும் ஏசுவதில் எனக்கு உடன்பாடில்லை. பிரித்துக் கொடுத்த இரண்டு வாளியையும் கண்ணெதிரே ஒரே வண்டியில் கவிழ்த்தால், மறுநாள் யார் பிரிப்பார்கள்? தடுப்பு வைத்த வண்டி, கிழியாத கையுறை, ஊசிக்கென்று மூடியுள்ள டப்பா. இரண்டு ஊர் நகராட்சியும் வார்டுக்கு வார்டு முதலில் இதைப் பார்க்கட்டும். அபராத ரசீதுப் புத்தகத்தை அப்புறம் அச்சடிக்கலாம்.