கூண்டில் நடக்கும் சிறுத்தை

கோடை விடுமுறை தொடங்கியதும் புலம்பெயர்ந்த எமது குடும்பங்கள் பலவும் பிள்ளைகளை மிருகக்காட்சிச்சாலைக்கு அழைத்துச் செல்வது வழக்கம். ஐரோப்பிய மிருகக்காட்சிச்சாலைகள் சிலவற்றில் 'இலங்கைச் சிறுத்தை' என்று எழுதிய பலகையைக் காணலாம். அதன் முன் நின்று, "இது எங்கள் நாட்டு மிருகம்" என்று பெற்றோர் சொல்லும்போது அவர்களின் குரலில் ஒரு பெருமிதம் தொனிக்கும். அந்நிய மண்ணில் ஊரின் பெயரைத் தாங்கிய எதுவும் நெஞ்சைத் தொடவே செய்யும். ஆனால் பிள்ளைகள் பெயர்ப்பலகையைப் பார்ப்பதில்லை, விலங்கைப் பார்க்கின்றனர். "அது ஏன் ஒரே வழியில் போய்ப் போய்த் திரும்பி வருகிறது?" என்று கேட்கின்றனர். இந்தக் கேள்விக்கு நேர்மையான பதில் சொல்லவேண்டிய கடமை எமக்கு உண்டு.

முதலில் பெயரைத் தெளிவாக்கிக் கொள்வோம். ஊரிலே நாம் புலி என்று சொல்லிவந்தது பெரும்பாலும் சிறுத்தையையே. வரிப்புலி இன்று இலங்கைக் காடுகளில் இல்லை. சிங்கமும் இல்லை. அத்தீவில் வேட்டை விலங்குகளின் தலைமை சிறுத்தைக்கே உரியது. புலி என்ற சொல்லின்மேல் எமது காலத்து அரசியல் எத்தனையோ பொருள்களை ஏற்றிவிட்டது. இங்கே நாம் பேசுவது விலங்கைப் பற்றி மட்டுமே.

சிறுத்தை தனித்து வாழும் விலங்கு. தனக்கென ஒரு நிலப்பரப்பை வகுத்துக்கொண்டு, அதன் எல்லைகளில் சிறுநீர் தெளித்தும் மரங்களை நகத்தாற் கீறியும் அடையாளம் இடுகிறது. இரவிலே மரம் அரிவது போன்ற கரகரத்த குரலெழுப்பித் தன் இருப்பை அறிவிக்கிறது. ஓர் ஆணின் எல்லைக்குள் பல பெண் சிறுத்தைகளின் எல்லைகள் அடங்குவதுண்டு. ஒன்றையொன்று காணாமலே, மணத்தாலும் குரலாலும் அவை அயலவராக வாழ்கின்றன. அதன் வேட்டை ஓட்டத்தால் வெல்லும் வேட்டை அன்று. பொறுமையால் வெல்லும் வேட்டை. புல்லோடு புல்லாகப் பதுங்கி, சில பாக தூரம்வரை நெருங்கியபின்னரே பாயும். யாலவிலும் வில்பத்துவிலும் அதன் முதன்மையான இரை புள்ளிமான். தாய் தனியாகவே குட்டிகளை வளர்த்து, ஒன்றரை, இரண்டு ஆண்டுகள்வரை உடன் வைத்திருந்து வேட்டை பழக்குகிறது. மறைவு, உயரம், தனிமை, தூரம் என்ற நான்குமே அதன் வாழ்க்கை.

மிருகக்காட்சிச்சாலையோ இந்த நான்கையும் பறித்துவிட்டு, இறைச்சியை மட்டும் நேரந்தவறாமற் கொடுக்கிறது. பார்வையாளர் பணம் கொடுத்து வருவது பார்ப்பதற்காக. சிறுத்தை பிறந்திருப்பதோ பார்க்கப்படாமல் இருப்பதற்காக. முரண்பாடு இங்கேதான் தொடங்குகிறது. 2003ஆம் ஆண்டில் ஒக்ஸ்போட் பல்கலைக்கழக ஆய்வாளர்களான ரொஸ் கிளப், ஜோர்ஜியா மேசன் ஆகிய இருவரும் 35 வகை ஊனுண்ணிகளைப் பற்றிய தரவுகளை ஒப்பிட்டு 'நேச்சர்' இதழில் ஒரு கட்டுரை வெளியிட்டனர். இயற்கையிலே எந்த விலங்கு பரந்த நிலத்தில் உலாவுகிறதோ, அந்த விலங்கே கூண்டிலே மிகுதியாக வெறும் நடை நடக்கிறது. அதன் குட்டிகளே மிகுதியாக இறக்கின்றன என்பது அவர்களின் முடிவு. தென்னிந்தியாவின் நான்கு மிருகக்காட்சிச்சாலைகளில் சிறுத்தைகளை அவதானித்து 2002இல் வெளிவந்த ஆய்வும், அவை வேலி ஓரத்திலே நடைபோடுவதையும் பின்பகுதியிலே ஓய்வெடுப்பதையும் பதிவுசெய்தது. பிள்ளையின் கேள்விக்கு விடை இதுவே: அது உலாவவில்லை, உலாவ வழியில்லாமல் நடக்கிறது. பாரிஸ் நகரின் பூங்காவொன்றில் அடைபட்டிருந்த சிறுத்தையைப் பற்றி ரில்கே கவிதை எழுதி ஒரு நூற்றாண்டுக்கு மேலாயிற்று. ஜேர்மன் பாடசாலைகளிற் படிக்கும் எமது பிள்ளைகள் பலர் அதை அறிவர். கவிஞன் கண்டதை விஞ்ஞானம் அளந்து சொல்ல நெடுங்காலம் ஆகியிருக்கிறது.

வரலாற்றையும் மறந்துவிடலாகாது. கம்பிகளை நீக்கி அகழியால் விலங்குகளைப் பிரிக்கும் முறையை 1907இல் ஹம்பேர்க் நகரிலே தொடங்கிப் புகழ்பெற்றவர் கார்ல் ஹாகன்பெக். அதே வணிகர்தான் 1880களில் இலங்கையரை யானைகளோடு கொண்டுவந்து ஐரோப்பிய நகரங்களிற் கட்டணம் வாங்கிக் காட்சிப்படுத்தியவர். அவருடைய மாற்றாந்தாய்ச் சகோதரர் ஜோன் ஹாகன்பெக் தெஹிவளையில் வைத்திருந்த விலங்குத் தொகுதியே 1936இல் அரசின் கைக்கு வந்து, நாம் சிறுவயதிற் பார்த்துக் களித்த மிருகக்காட்சிச்சாலையாயிற்று. வேலிக்கு எந்தப் பக்கம் யார் நிற்பது என்பதை ஒருகாலத்தில் ஐரோப்பா எப்படித் தீர்மானித்தது என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டியதில்லை.

ஆயினும் மிருகக்காட்சிச்சாலைகளை ஒரேயடியாகப் பழிப்பது நியாயமன்று. இலங்கைச் சிறுத்தைக்கென ஐரோப்பிய மிருகக்காட்சிச்சாலைகள் கூட்டாக ஓர் இனப்பெருக்கத் திட்டத்தை நடத்திவருகின்றன. காட்டிலே பேரழிவு நேர்ந்தால் வித்தாவது எஞ்சட்டும் என்பது அவர்களின் வாதம். அது வெறும் சாட்டு அன்று. 2016இல் ருசியாவின் காக்கசஸ் காப்புக்காட்டில் மூன்று பாரசீகச் சிறுத்தைகள் விடப்பட்டன. அவை மனிதரோடு பழகாதவாறு வளர்க்கப்பட்டு, உயிருள்ள இரையைப் பிடிக்கப் பழக்கப்பட்டவை. முயன்றால் முடியும் என்பதற்கு அது சான்று. அத்தகைய முயற்சி இல்லாதவிடத்து, கூண்டிலே பிறந்து கூண்டிலே மூப்படையும் விலங்கு காட்டுக்கு ஒருநாளும் திரும்பப் போவதில்லை. அதற்கு நாம் கேட்கக்கூடியவை எளியவை: ஏறியிருக்க உயரமான மேடை, பார்வையிலிருந்து ஒளிந்துகொள்ள மறைவிடம், தேடி எடுக்கும்படி ஒளித்துவைத்த உணவு, வாயிற்கட்டணத்தில் ஒரு பங்கு அதன் தாய்க்காட்டுக்கு.

இவற்றை மற்றவர்களிடம் கேட்கும் நாம் எம்மையும் கேட்டுக்கொள்ள வேண்டும். 2018 யூன் மாதம் கிளிநொச்சி அம்பாள்குளத்தில் குடிமனைக்குள் புகுந்த சிறுத்தையொன்று பத்துப்பேர் வரையிற் காயப்படுத்தியது. வனஜீவராசிகள் திணைக்கள ஊழியர் ஒருவரும் காயமடைந்தார். ஊரவர் அதனை அடித்துக் கொன்றனர். இறந்த உடலோடு எடுத்த படங்கள் உலகெங்கும் பரவின. நீதிமன்றம் உரியவர்களைக் கைதுசெய்யப் பணித்தது. அச்சத்திலே தடியெடுத்தவனை நாம் குற்றஞ்சாட்டோம். தன் வளவிலே காயப்பட்டுக் கிடந்தவரின் வேதனையைப் பல்லாயிரம் மைலுக்கு அப்பாலிருந்து எடைபோட எமக்கு உரிமையில்லை. ஆனால் உயிர்போன உடலோடு படமெடுத்துக்கொண்டது அச்சத்தால் அன்று. 2020 மே மாதம் மலையகத்தில் நல்லதண்ணி அருகே கம்பிச் சுருக்கிற் சிக்கிய அரிய கருஞ்சிறுத்தை சில நாட்களில் இறந்தது. பெரும்பாலும் பன்றிக்கும் மானுக்கும் வைக்கப்படும் சுருக்கு, சிறுத்தையைப் பார்த்து விலகிவிடுவதில்லை. முழுவளர்ச்சியடைந்தவை எண்ணூறுக்கு மேல் இல்லை என மதிப்பிடப்படும் ஓரினத்தில் ஒவ்வொரு சாவும் பெருங்கணக்கு.

கூண்டிலுள்ள சிறுத்தையை அகதிக்கு உவமை சொல்வது எம்மிடையே வழக்கமாகிவிட்டது. எம்மாலும் அது சொல்லப்பட்டதுண்டு. இப்போது அந்த உவமை எமக்கு உவப்பாயில்லை. முகாமிலே முடிவுக்காகக் காத்திருப்பவனுக்கு நாவுண்டு, விண்ணப்பம் உண்டு, மேன்முறையீடு உண்டு, என்றோ ஒருநாள் கதவு திறக்குமென்ற நம்பிக்கையும் உண்டு. சிறுத்தைக்கு இவற்றுள் ஒன்றுமில்லை. அதன் துன்பத்தை எமது துன்பத்துக்கு அணியாக்குவதைவிட, அதனை அதன் துன்பமாகவே காண்பது முறை.

எனவே இம்முறை பிள்ளைகளை அழைத்துச் செல்லும் பெற்றோருக்கு எமது வேண்டுகோள் ஒன்றுண்டு. 'எங்கள் மிருகம்' என்று சொல்வதோடு நின்றுவிடாதீர்கள். அது எப்படி மறையும், எப்படிக் காத்திருக்கும், இரவிலே எப்படிக் குரல் கொடுக்கும் என்பதையும் சொல்லுங்கள். ஊரிலுள்ள உறவுகளோடு தொலைபேசியிற் பேசும்போது, சுருக்குக் கம்பியைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்லுங்கள். எமது பிள்ளைகள் என்றாவது வன்னிக்குச் செல்லும்போது, ஈரமணலில் ஒரு காற்தடத்தையேனும் அவர்கள் காணவேண்டும். விலங்கைக் காணக் கிடைக்காவிட்டாலும் குறையில்லை. காணப்படாமலிருப்பது அதன் உரிமை.