கருமையில் ஒளி கண்டவர்

வெண்தாளிலே கரிய மையைத் தீற்றிக்கொண்டிருந்தான் ஒரு சிறுவன். என்ன வரைகிறாய் என்று வீட்டார் வினவ, "பனி" என்றானாம். மையின் கருமை கூடக்கூடத் தாளின் வெண்மை மிகுந்து தோன்றுவதை அவன் கண்டிருந்தான். 1919இல் பிரான்சு தேசத்து ரோதெஸ் நகரிற் பிறந்த பியர் சூலாஜே அச்சிறுவன்.

அரூப ஓவியத்தின் முன் நின்று, "இஃது எதன் படம்?" என்றே நாம் கேட்கிறோம். சூலாஜின் ஓவியம் எப்பொருளின் படமுமன்று. தளபாடங்களுக்குத் தச்சர் பூசும் அக்ரோட்டுச் சாயத்தால் முதலில் அகன்ற கோடுகளைத் தீட்டினார். 1979இல் ஓவியத்துணி முழுவதையுமே கருமையால் நிரப்பினார். தடித்த அப்பூச்சிலே வரிவரியாகக் கீறினார். அவ்வரிகளிற் பட்டுத் திரும்பும் ஒளி, நாம் நிற்கும் இடம் மாறுந்தோறும் மாறுகின்றது. ஆகவே, அவர் தீட்டியது கருமை. நாம் காண்பதோ ஒளி.

கலையே தம் வாழ்வென இளமையில் அவர் துணிந்தது கொங்க் என்னும் ஊரின் பழந்தேவாலயத்திலே. அதற்கே 104 சாளரங்களை 1994இல் அமைத்து முடித்தார். அவற்றில் வண்ணமில்லை, ஒளியை வடித்துத் தரும் நிறமற்ற கண்ணாடியே உண்டு.

2022இல், 102 வயதில் அவர் மறைந்தார். விளங்காத ஓவியமொன்றை இனிக் காணின், பொருள் கேட்குமுன் ஓரடி விலகி நின்று பார்ப்போமாக.