“மைஸெல்ஃப் கமலா” வேண்டாம்!

இங்கிலீஷில் அறிமுகப்படுத்திக் கொள்ளும்போது, “மைஸெல்ஃப் கமலா” என்று ஆரம்பிக்கிறீர்களா, சகோதரிகளே? “ஐ ஆம் கமலா” என்றால் போதும். ‘மைஸெல்ஃப்’ தனியே எழுவாயாக நிற்காது. முன்னால் ‘ஐ’ வர வேண்டும்.

அதற்கு இரண்டு வேலைகள். அரிவாள்மணையில் விரலை வெட்டிக் கொண்டால், “ஐ கட் மைஸெல்ஃப்”. நம் ‘கொண்டேன்’ செய்யும் வேலையை அங்கே ‘மைஸெல்ஃப்’ செய்கிறது.

மற்றொன்று, அழுத்தம். திருவையாற்றில் தியாகராஜ சுவாமிகளின் சமாதிக்குக் கோயில் எழுப்ப, பெங்களூர் நாகரத்தினம்மாள் தாம் பாடிச் சம்பாதித்த பொருளைச் செலவிட்டார். 1926-ல் கும்பாபிஷேகம் நடந்தது. “ஷீ ஹெர்ஸெல்ஃப் பில்ட் இட்” – ‘அவரே கட்டினார்’. அந்த ஏகாரம்தான் ‘ஹெர்ஸெல்ஃப்’! அதை எடுத்துவிட்டாலும் வாக்கியம் நிற்கும். அந்த அம்மாளின் பெருமைதான் குறைந்து போகும்.