சங்கு ஊதினால் போதும்!

திருவொற்றியூர், எண்ணூர்ப் பக்கத்து இல்லத்தரசிகளுக்கு ஒரு காலத்தில் கடிகாரமே தேவைப்படவில்லை. ஆலைச் சங்கு ஒன்று இருந்ததே! முதல் சங்குக்கு உலை வைப்பது, அடுத்த சங்குக்குள் தூக்குச் சட்டியைக் கையில் கொடுத்து வீட்டுக்காரரை ஷிப்டுக்கு அனுப்புவது. "மணி என்ன, மணி என்ன?" என்று நிமிஷத்துக்கு நிமிஷம் எட்டிப் பார்க்கும் வேலை மிச்சம்.

சென்னைப் பட்டணத்துக்கே இப்படி ஒரு சங்கு இருந்ததுண்டு. 1792-ல் நுங்கம்பாக்கத்தில் அமைந்த வானிலைக் கூடத்துக் கடிகாரத்தின்படி கோட்டையில் தினமும் இரவு 8 மணிக்குப் பீரங்கி முழங்கும். 1856 ஜூலை 1-ந் தேதி ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடுக்கு ரயில் புறப்பட்டதே, அதன்பின் நேரத்துக்கு மதிப்பு இன்னும் கூடிற்று. சென்னை நேரம் இந்திய ரயில்வேக்கே பொது நேரமாயிற்று. 1906 ஜனவரி 1 முதல் நாட்டுக்கென ஒரு பொது நேரம் வந்தது. சென்னைக் கடிகாரங்களை ஏறக்குறைய 9 நிமிஷம் முன்னே தள்ளிவைத்தார்கள்.

இதே சங்கு இன்று உங்கள் வீட்டுக் கம்ப்யூட்டருக்குள்ளும் ஊதுகிறது, தெரியுமோ? விண்டோஸில் ஒரே சமயத்தில் பல வேலையாட்கள் உழைக்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் 'த்ரெட்' என்று பெயர். வேலை இல்லாதவர் தூங்கலாம். 'டைமர்' என்ற காவல்காரர் குறித்த நேரத்துக்கு ஒரு தடவை 'ஈவென்ட்' என்ற மணியை அடிப்பார். தூங்கியவர் எழுந்து, வேலையை முடித்து, மறுபடி தூங்கப் போவார். எட்டி எட்டிப் பார்த்துக் கம்ப்யூட்டரைக் களைப்படையச் செய்ய வேண்டாம்.

இதெல்லாம் நமக்கெதற்கு என்கிறீர்களா? 2023 டிசம்பர் 26-ந் தேதி நள்ளிரவு எண்ணூரில் அம்மோனியா கசிந்தபோது, பெரியகுப்பம் தாய்மார்கள் குழந்தைகளை வாரிக்கொண்டு தெருவுக்கு ஓடினார்கள். அப்படிப்பட்ட ஊரில் காற்றை அளக்கும் ஒரு கருவி, 10 விநாடிக்கு ஒரு தடவை கணக்கெடுக்க வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். புரோகிராம் எழுதுகிறவர் இரண்டு இடத்தில் ஏமாறக்கூடும்.

ஒன்று: "வேலையை முடித்துவிட்டு 10 விநாடி தூங்கு" என்று எழுதிவிடுவது. அளப்பதற்கே 1 விநாடி பிடித்தால் சுற்று 11 விநாடியாகிவிடும். ஒரு மணி நேரத்தில் 360 கணக்குக்குப் பதில் 327-தான் கிடைக்கும். சமையல் முடிந்த பிறகா சங்குக்கு நேரம் பார்ப்பார்கள்? அடுத்த மணியைக் காவல்காரரின் கடிகாரம்தான் தீர்மானிக்க வேண்டும்.

இரண்டு: வேலையாள் மும்முரமாய் இருக்கையில் மணி இரண்டு தடவை அடித்தாலும், ஈவென்ட் ஒன்றாகத்தான் நினைவில் வைக்கும். எழுந்ததும் கடிகாரத்தைப் பார்த்து, எத்தனை தவறிற்று என்று கணக்கிடுவது அவர் பொறுப்பு.

உங்கள் வீட்டுப் பிள்ளையோ பெண்ணோ கம்ப்யூட்டர் படிக்கிறார்களா? இன்றிரவு சாதம் பரிமாறும்போது இந்த இரண்டையும் கேட்டுப் பாருங்கள். சரியாகச் சொன்னால் இன்னொரு அப்பளம் போடலாம்!