பெயரில்லாத குற்றம்



வீட்டில் களவு போனால் ‘களவு’ என்று சொல்லி முறையிடலாம். அடிபட்டால் ‘அடித்தான்’ என்று சொல்லலாம். தனக்கு நேர்ந்த கொடுமைக்குத் தன் மொழியில் சொல்லே இல்லையென்றால், ஒரு பெண் யாரிடம் போய் என்னவென்று முறையிடுவாள்?

ஆப்பிரிக்காவின் நடுவிலுள்ள காங்கோ நாட்டில், கிவு ஏரியின் தென்கரையில் அமைந்த நகரம் புகாவு. 1996-இலும், மீண்டும் 1998-இலும் அப்பகுதியில் போர் மூண்டது. ஆயுதம் தாங்கிய கூட்டத்தார் கிராமங்களுக்குள் புகுந்து பெண்களைச் சீரழித்தனர். சிறுமியரும் தப்பவில்லை, மூதாட்டியரும் தப்பவில்லை. உயிர் பிழைத்தவர்களுள் பலரைக் கணவன்மாரே கைவிட்டனர். ஊர் வாயை மூடிக்கொண்டது.

அந்நகரின் ‘ரேடியோ மாயெண்டலேயோ’ என்னும் வானொலியில் 1997-இல் பணியில் சேர்ந்தவர் சூசூ நமேகபே என்னும் இளம்பெண். இக்கொடுமையைப் பற்றி ஒலிபரப்ப முனைந்தபோது முதல் தடையாக நின்றது மொழி. வட்டார மொழிகளில் அச்செயலைக் குறிக்க வெளிப்படையான சொல் இல்லை. எனவே தான்சானியாவின் சுவாஹிலி மொழியிலிருந்து ‘உபகாஜி’ என்னும் சொல்லைக் கடன் வாங்கினார்கள். குற்றத்திற்குப் பெயர் கிடைத்தது. பெயர் கிடைத்த பின்னரே அதைப் பற்றிப் பேச வழி பிறந்தது.

2003-இல் அவர் தம் தோழியருடன் தென்கிவு மாகாணப் பெண் ஊடகவியலாளர் சங்கத்தை நிறுவினார். அவர்கள் ஒலிப்பதிவுக் கருவியோடு கிராமங்களுக்குச் சென்றனர். பாதிக்கப்பட்டோரின் பெயரை மறைத்துக் குரலை மட்டும் ஒலிபரப்பினர்.

வானொலிக்கு ஒரு தனிச் சிறப்பு உண்டு. எழுத்தறியாதவரும் கேட்கலாம், செய்தித்தாள் எட்டாத மலையூருக்கும் அது எட்டும். எல்லாவற்றிற்கும் மேலாக, அது வீட்டின் நடுவில் ஒலிக்கிறது. பாதிக்கப்பட்டவள் கேட்கும்போதே அவளுடைய கணவனும் மாமியாரும் கேட்கிறார்கள். ‘எனக்கு மட்டும் நேர்ந்ததன்று’ என்று அவள் அறிகிறாள். ‘குற்றம் இவளுடையதன்று’ என்று அவர்கள் உணர வாய்ப்புக் கிடைக்கிறது.

2006-இல் காங்கோவில் புதிய சட்டம் வந்தது. இக்குற்றத்திற்கு 5 முதல் 20 ஆண்டு வரை சிறை என்று அது விதித்தது. 2009 மே மாதம் நமேகபே அமெரிக்க செனட் குழுவின் முன் தம் மக்களின் துயரத்தை எடுத்துரைத்தார்.

வானொலியில் பேசுவது அங்கே எளிய காரியமன்று. புகாவு நகரில் ரேடியோ ஒகாபி நிலையத்தின் செய்தியாளர்கள் இருவர், 2007-இலும் 2008-இலும் சுட்டுக் கொல்லப்பட்டனர். 2009-இல் வானொலிப் பெண்கள் மூவருக்குக் கைப்பேசியில் கொலை மிரட்டல் வந்தது. 2025 பிப்ரவரியில் அந்நகரமே எம்23 கிளர்ச்சிப் படையிடம் வீழ்ந்தது. துயரம் தீர்ந்துவிட்டது என்று எவரும் சொல்ல முடியாது. ஆயினும் அதற்கு ஒரு பெயர் இருக்கிறது. அதை இனி எவரும் அழித்துவிட முடியாது.

வாசகர்களே, நம் தமிழுக்குச் சொற்பஞ்சம் இல்லை. ஆனால் நம்மிடம் இருந்த சொல் எது? நம் செய்தித்தாள்கள் நெடுங்காலம் ‘கற்பழிப்பு’ என்றே எழுதி வந்தன. அச்சொல்லைச் சற்றே எண்ணிப் பாருங்கள். கொடுமை செய்தவன் எதையும் இழக்கவில்லை. கொடுமைக்கு ஆளானவளே கற்பை இழந்தாள் என்கிறது அது. திருடனை விட்டுவிட்டுப் பொருளைப் பறிகொடுத்தவனைப் பழிப்பார் உண்டோ? பின்னர் ‘பாலியல் வன்கொடுமை’, ‘வன்புணர்வு’ என்னும் சொற்கள் வழக்கிற்கு வந்தன. இவை குற்றத்தைச் செய்தவன்மீது சுமத்துகின்றன.

ஏட்டில் சொல் மாறிவிட்டது, வீட்டில் மாறியதா? ‘குடும்ப மானம் போய்விடும், வெளியே சொல்லாதே’ என்னும் அறிவுரை இன்றும் எத்தனை அடுக்களைகளில் ஒலிக்கிறது! நம் மகளோ தங்கையோ தயங்கித் தயங்கி ஒன்றைச் சொல்ல வரும்போது, அவள் காதில் விழும் முதல் வார்த்தை அதுவாக இருக்க வேண்டாம். ‘சொல்லம்மா, தவறு உன்னுடையதன்று’ என்பதாக இருக்கட்டும்.