வழவழப்பான டயர் வேண்டுமா?

பந்தயக் காரின் டயரைப் படத்தில் பார்த்திருப்பீர்கள். அதில் பள்ளங்களே இரா. உலர்ந்த தரையில் ரப்பர் முழுவதும் படிவதால் பிடிப்பு அதிகம். தினமும் அலுவலகம் போகும் வேகக் காருக்கும் அதையொத்த டயரே வேண்டும் என்பார் சிலர். நான் ஒப்பமாட்டேன். மழையில் சக்கரத்தின் முன் சேரும் நீர் வெளியேற வழி வேண்டாமா? பள்ளங்கள்தாம் அதற்கான வாய்க்கால்கள். அவை இல்லாவிடில் வேகத்தில் டயர் நீர்மேல் மிதக்கும். பிரேக்கும் ஸ்டியரிங்கும் பயன்படா. அமெரிக்காவில் விற்கும் கார் டயரின் பக்கவாட்டில் தேய்மான எண் இருக்கும். 200 என்றால், 100 எண்ணுள்ள ஒப்பீட்டு டயரைப்போல் இருமடங்கு உழைக்கும் என்று பொருள். பக்கத்திலேயே ஏஏ, ஏ, பி, சி என்பவற்றுள் ஒரு குறி. அதுவே ஈரத் தரையில் பிரேக் பிடிக்கும் திறன். முதலில் அதைப் பாருங்கள். அதுவும் புது டயருக்குத்தான். பள்ளம் தேயத் தேய அந்தக் குறியை நம்ப முடியாது.